லாச்சி வண்டிக்குக் கரண்ட் கொடுத்தவர்

வசந்தமலர் லண்டனுக்கு வந்து இறங்கியபோது மின்சாரத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஈரக் கையால் சுவிட்சைத் தொடக்கூடாது. அது எண்பத்தைந்தாம் ஆண்டு. கணவன் பாலேந்திராவோடு நகரின் தெற்கே மிச்சம் என்கிற பகுதியில் ஒரு வீட்டு மேல்மாடியில் குடியேறியவள், குளிர் பழகுவதற்கு முன்னரே வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். போன இடம் பிளக் பொயின்ற் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலை. வெள்ளைப் பெட்டியைக் கையில் எடுப்பது, பின்பக்கம் பித்தளைத் துண்டுகளை வைப்பது, திருகாணியைப் பூட்டுவது, அடுத்த மேசைக்குத் தள்ளுவது. கை அதன்பாட்டில் பூட்டும். வாய் அதன்பாட்டில் பக்கத்து மேசைக்காரியோடு கதைக்கும். இந்தப் பெட்டிகள் யார் வீட்டுச் சுவருக்குப் போகின்றன, அங்கே போய் என்ன செய்கின்றன என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

அவர்கள் சமைக்கிற குசினியின் சுவிட்ச் இரையத் தொடங்கியிராவிட்டால் வாழ்நாள் முழுவதும் யோசித்திருக்கவும் மாட்டாள். வீட்டுக்காரன் இன்றைக்கு ஆள் அனுப்புகிறேன், நாளைக்கு அனுப்புகிறேன் என்று போக்குக் காட்டினான். ஒருநாள் வசந்தமலருக்குப் பொறுமை கெட்டது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கத்தி முனையால் குசினிச் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே ஒரு திருகாணி தளர்ந்து கிடந்தது. தினம் தினம் அவள் கையால் முறுக்குகிற அதே திருகாணி! முறுக்கி, மெயினைத் திரும்பப் போட்டாள். இரைச்சல் நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து வந்த பாலேந்திராவைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சுவிட்சின் முன்னால் நிறுத்தினாள்.

“இஞ்சாருங்கோ, போட்டுப் பாருங்கோ.”

அவன் விரலை நீட்டினான், மடக்கினான், மறுபடி நீட்டினான். பிறகு போட்டான். ஒரு சத்தமும் இல்லாமல் விளக்கு எரிந்தது. “உனக்கு உது ஆர் சொல்லித் தந்தது?” என்று கேட்டுவிட்டு, நாலைந்து தடவை போட்டு நிறுத்திப் பார்த்தான்.

அந்த ருசி அவளை விடவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பில் இருந்த ஒரே பெண் அவள்தான். பாலேந்திரா தன் ஷிப்டை மாற்றிக்கொண்டு, அதற்குள் பிறந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டான். சோறு வடிக்கவும் பழகினான். குழையவைக்காமல் வடிக்கப் பழகுவதற்கு இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது. வசந்தமலர் சோதனை பாஸ் பண்ணியதும் அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு, சாமிப் படங்களுக்குப் பக்கத்திலேயே மாட்டினான். வெள்ளிக்கிழமைகளில் முருகனோடு சேர்த்து அதற்கும் ஊதுபத்தி காட்டினான்.

சான்றிதழுக்கு ஊதுபத்தி கிடைத்தது. அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. நம்முடைய சனத்தின் குணம் தெரிந்ததுதானே. “அடேயப்பா, கெட்டிக்காரி!” என்று முகத்துக்கு நேரே புகழுவார்கள். தங்கள் வீட்டில் ஒரு பல்ப் மாற்றவேண்டும் என்றால் மஞ்சள் பக்கப் புத்தகத்தைப் புரட்டி யாரோ முன்பின் தெரியாதவனைக் கூப்பிடுவார்கள். அவளும் காலையில் தொழிற்சாலைக்குப் போய்த் திருகாணி பூட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் முன்னைப்போல் வாய் கதைக்கவில்லை. கையில் எடுக்கிற ஒவ்வொரு பெட்டியையும் பார்த்து, இதைப் பூட்ட எனக்கென்று ஒரு சுவர் கிடைக்காதா என்று நினைத்துக்கொண்டாள்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு வசந்த காலத்தில் அந்தச் சுவர் கிடைத்தது. ஆனால் அது ஓடுகிற சுவர்.

பாலேந்திராவின் தமையன் அம்பலவாணன் லண்டனின் இன்னொரு கோடியில், வால்தம்ஸ்டோவில் இருந்தார். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. நல்ல மனிதர், பெரிய கை, பெரிய சிரிப்பு, அதைவிடப் பெரிய வாய். அவர் ஒரு கேம்பர் வண்டி வாங்கினார். உள்ளேயே படுக்கை, மேசை எல்லாம் உள்ள, ஊர் சுற்றுகிற வண்டி. விற்றவர் ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேயத் தச்சர். தன் கையாலேயே கட்டிய வண்டி அது. அதில் ஒரு விசேஷம் இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கைபிடியைச் சுற்றினால், பக்கச் சுவர் ஒரு சின்ன அறையாக வெளியே வரும். திருப்பிச் சுற்றினால் உள்ளே போய்விடும். விளக்கத்தைக் கேட்டதுமே அவருடைய மனைவி தவநாயகி, “இதென்னப்பா, அலுமாரியில இழுத்துத் திறக்கிற லாச்சி மாதிரி!” என்றாள். அதற்குப் பிறகு லண்டனில் உள்ள அத்தனை சொந்தக்காரருக்கும் அது லாச்சி வண்டிதான்.

அந்த லாச்சிக்குள் தச்சர் ஒரு கட்டில் மட்டும் போட்டிருந்தார். பிளக் பொயின்ற் ஒன்றுகூட இல்லை. வெள்ளைக்காரர் ஓய்வெடுக்கப் பயணம் போகிறவர்கள். நாங்கள் பயணம் போனால் முதலில் தேடுவது சோற்றுக்கு வழியைத்தான். அம்பலவாணன் கட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டு, லாச்சியைக் குசினியாக்க முடிவு செய்தார். ரைஸ் குக்கருக்கு ஒன்று, தேத்தண்ணிக் கேத்திலுக்கு ஒன்று, சம்பல் அரைக்கிற மிசினுக்கு ஒன்று என்று எண்ணி, இரண்டு பிளக் செருகுகிற இரட்டை ஓட்டைப் பிளக் பொயின்ற் நாலு வேண்டும் என்றார். பாலேந்திரா தொலைபேசியில், “அண்ணை, வீட்டுக்குள்ள ஆளை வைச்சுக்கொண்டு வெளியில தேடாதேங்கோ” என்றான். அம்பலவாணன் கொஞ்சம் இழுத்தார். பிறகு, “சரி, மலரை வரச் சொல்லு” என்றார்.

வசந்தமலர் அன்று முழுவதும் பாடிக்கொண்டு திரிந்தாள். அவளுக்குப் பாட வராது.

ஞாயிற்றுக்கிழமை கருவிப் பையோடு வால்தம்ஸ்டோ போனாள். வண்டி வீட்டுப் பின்பக்கத்தில் நின்றது. “அத்தான், லாச்சியை ஒருக்கா இழுத்து விடுங்கோ, அளவு எடுக்கவேணும்” என்றாள்.

“அது ஏலாது பிள்ளை” என்றார் அம்பலவாணன்.

“ஏன், கைபிடி இறுகிப்போச்சோ?”

“இல்லை. நல்ல நேரம் வரேல்லை.”

விஷயம் இதுதான். லாச்சி திறப்பது புது வீடு திறப்பது மாதிரி என்று அம்பலவாணன் தீர்மானித்திருந்தார். ஐயரிடம் போய் நாள் கேட்டிருந்தார். ஐயர் சொன்ன நல்ல நாள் ஓகஸ்டில் ஒரு ஞாயிறு. அதே ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுடைய ஊர்ச் சங்கத்தின் விளையாட்டு விழா, மிச்சத்தில் ஒரு மைதானத்தில். இரண்டும் ஒரே நாளில் வந்தது கடவுள் செயல் என்று அவர் புளகாங்கிதப்பட்டுப் போயிருந்தார். ஊரே கூடியிருக்க லாச்சி திறக்கும். அன்றைய மத்தியானச் சோறும் அதற்குள்ளேயே அவியும். அதுவரை யாரும் கைபிடியைத் தொடக்கூடாது.

“அத்தான், லாச்சி வெளியில போகேக்கை வயரும் சேர்ந்து போகவேணும். எவ்வளவு தூரம் போகுமெண்டு தெரியாமல் எப்பிடிப் பூட்டுறது? ஒரு சாண் திறந்து காட்டுங்கோவன்.”

“ஒரு சாண் திறந்தாலும் திறந்ததுதானே பிள்ளை.”

அவள் வகுப்பில் படித்ததெல்லாம் ஆடாமல் அசையாமல் நிற்கிற வீட்டுச் சுவர்கள். அங்கே வயரை விறைப்பாக இழுத்து, நேராக அடித்துவிட்டால் வேலை முடிந்தது. இங்கே அப்படிச் செய்தால் லாச்சி வெளியே வந்த கணமே வயர் அறுந்துபோகும். தொய்வாக விட்டாலோ, அது லாச்சி ஓடுகிற தண்டவாளத்துக்குள் சிக்கி நசியும். அவள் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தாள். தச்சர் தண்டவாளத்தின் முடிவில் ஒரு கட்டையை அடித்திருந்தார், லாச்சி அதற்கு மேல் போகாதபடி. அந்தக் கட்டைவரை அளந்தாள். வளைந்து கொடுக்கிற மெல்லிய இழை வயராகத் தேடி வாங்கினாள். மிஞ்சுகிற நீளம் மடிந்து படுக்க, அடியில் பலகையால் ஒரு தட்டுச் செய்து பூட்டினாள். லாச்சிக்கென்று தனியாக ஒரு பிரேக்கர் போட்டாள். பாரம் கூடினால் அது தானே விழுந்து கரண்டை நிறுத்திவிடும். எல்லாம் கணக்கில் சரிதான். ஆனால் லாச்சி ஓடும்போது வயர் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்தால் அல்லவா தெரியும்? பார்க்கத்தான் நல்ல நேரம் வரவில்லையே.

ஒரு ஞாயிறு, மூடிய லாச்சிக்குள் முழங்கால் மடித்து உட்கார்ந்து கடைசிப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக் குசினி யன்னல் திறந்திருந்தது. அம்பலவாணன் யாருடனோ தொலைபேசியில் கதைப்பது கேட்டது.

“ஓமோம், கரண்ட் வேலை முடியுது… ஆரோ? ஒரு வெள்ளைக்காரன். அருமையான வேலைக்காரன்.”

வசந்தமலர் நிமிர்ந்த வேகத்தில் தலை கூரையில் இடித்தது. தலையைத் தடவிக்கொண்டே குசினி வாசலில் போய் நின்றாள். “ஆர் அத்தான் அந்த வெள்ளைக்காரன்?”

அம்பலவாணன் திருட்டு முழி முழித்தார். “கோவிக்காதை பிள்ளை. பொம்பிளை செய்த கரண்ட் வேலை எண்டு தெரிஞ்சால் சனம் வண்டிக்குள்ள காலே வைக்காது. விழா முடியட்டும். பிறகு நானே எல்லாருக்கும் சொல்லுறன்.”

அவள் திரும்பிப் போய்க் கடைசிப் பெட்டியின் திருகாணியை முறுக்கினாள். பாராட்டு விழாவா கேட்டாள், மாலையா கேட்டாள்? “இது மலர் செய்தது” என்று யாராவது ஒருவர், நாலு பேர் கேட்க, வாயால் சொன்னால் போதும் என்றுதான் இத்தனை காலம் காத்திருந்தாள். அதைத் தூக்கி இல்லாத ஒரு வெள்ளைக்காரனுக்குக் கொடுத்துவிட்டாரே. பாலேந்திரா கேள்விப்பட்டு அப்போதே தமையனுக்குத் தொலைபேசி எடுக்கப் போனான். கேட்டு வாங்குகிற பெயர் வேண்டாம் என்று அவள்தான் தடுத்தாள்.

பொய்க்குச் சாப்பாடு போடத் தேவையில்லை, அது தானாகவே வளரும். அந்த வெள்ளைக்காரனும் வாரத்துக்கு வாரம் வளர்ந்தான். முதலில் வெறும் வெள்ளைக்காரனாக இருந்தவன், பிறகு பெரிய கம்பெனியில் வேலைசெய்தவனானான், அதற்கும் பிறகு ஆஸ்பத்திரிகளுக்கே கரண்ட் பூட்டியவனானான். மிச்சத்துத் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த சிவனேஸ்வரி, சங்கத்தில் சமையலுக்குத் தலைமை தாங்குகிறவள், வசந்தமலரையே நிறுத்திவைத்துச் சொன்னாள்: “அம்பலவாணன் அண்ணையின்ர வண்டியை எட்டிப் பாத்தனான். என்ன துப்புரவான வேலை! வேலை எண்டால் அவங்கட வேலைதான், என்ன?”

வசந்தமலருக்குக் கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. “ஓம் அக்கா” என்றாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ‘துப்புரவான வேலை’ என்ற சொல்லை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள்.

விழா நாள் வெயில் எறித்தது. மைதானம் முழுக்கச் சனம். கோடு போட்ட ஓட்டப் பாதை, கயிறிழுக்கக் கயிறு, ஒலிபெருக்கியில் செபஸ்தியாம்பிள்ளை மாஸ்ரர். கையில் மைக் கிடைத்தால் விடமாட்டார் என்பதால்தான் அவரைச் சங்கச் செயலாளராக வைத்திருந்தார்கள். மைதானக் கட்டடத்திலிருந்து கேபிள் இழுத்து வண்டிக்குக் கரண்ட் கொடுத்திருந்தார்கள். டயர்களுக்குக் கீழே எலுமிச்சங்காய், முன்னால் நிறைகுடம், கற்பூரம். தவநாயகி தேங்காய் உடைத்தாள். நல்ல நேரம் வந்தது. அம்பலவாணன் பட்டு வேட்டியோடு கைபிடியைச் சுற்றினார்.

எல்லோரும் லாச்சியைப் பார்த்தார்கள். வசந்தமலர் ஒருத்தி மட்டும் வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். லாச்சி முனகிக்கொண்டு வெளியே வந்தது. வயர் தட்டிலிருந்து மடிப்பு மடிப்பாக எழும்பி, எங்கும் சிக்காமல், அதன்பின்னால் போனது. கட்டையில் முட்டி லாச்சி நின்றது. தவநாயகி கேத்திலின் சுவிட்சைத் தட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சனம் கைதட்டியது. வசந்தமலரின் கண் நிறைந்துவிட்டது. கற்பூரப் புகை என்று பாலேந்திராவிடம் சொன்னாள், அவனும் நம்பியதுபோல் தலையாட்டினான்.

பிறகுதான் வந்தது வினை. எட்டு ஓட்டைகளைக் கண்டால் நம்முடைய பெண்கள் சும்மா இருப்பார்களா? ஒரு வீட்டுக் குக்கரில் அவிந்த சோறு இன்னொரு வீட்டாருக்குப் பிடிக்காது என்று ஆளுக்கொரு ரைஸ் குக்கர் கொண்டுவந்திருந்தார்கள். ஏழு குக்கரும் ஒரு கேத்திலும் ஒன்றாக ஏறின. வசந்தமலர் ஓடிப்போய், “அக்கா, எல்லாத்தையும் ஒண்டாப் போடாதேங்கோ, வயர் தாங்காது” என்றாள்.

சிவனேஸ்வரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “உமக்கென்ன தெரியும் பிள்ளை? எட்டையும் பாவிக்கத்தானே வெள்ளைக்காரன் எட்டு ஓட்டை வைச்சவன்?”

அதற்கிடையில் அம்பலவாணன், வந்தவர் போனவருக்கெல்லாம் கைபிடியைச் சுற்றி, லாச்சியைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வெளியே தள்ளி வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று ‘டக்’ என்று ஒரு சத்தம். ஏழு குக்கரும் ஒன்றாக அணைந்தன. ஓடிக் களைத்த பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்க, அரிசி பாதி அவிந்து கிடந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. “ஒரு முக்கிய அறிவித்தல். லாச்சி வண்டிக்குக் கரண்ட் வேலை செய்த வெள்ளைக்காரர் மைதானத்தில் எங்கிருந்தாலும் உடனடியாக வண்டியடிக்கு வரும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.” மாஸ்ரர் மூச்சு வாங்கி, அந்த மனிதருக்கு விளங்கவேண்டுமே என்று ஆங்கிலத்திலும் சொன்னார்.

அத்தனை சனமும் வெள்ளைக்காரரைத் தேடியது. மைதானத்திலேயே இருந்த ஒரே வெள்ளைக்காரர் கட்டடத்தின் காவலாளிதான். பாவம், ஒரு மூலையில் இருந்து வடை தின்றுகொண்டிருந்தார். நாலு பேர் போய் அவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் ஒரு கையில் வடையோடு, தனக்கு ஒன்றும் தெரியாது என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். அம்பலவாணன் வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

வசந்தமலர் புல்லில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாரம் கூடிப் பிரேக்கர் விழுந்திருக்கலாம். அல்லது இழுத்துத் தள்ளிய ஆட்டத்தில் அவள் வயர் நசிந்து, அவள் கணக்கே பிழைத்திருக்கலாம். அப்படியென்றால் பேசாமல் இருந்துவிடலாம். பழி முழுக்க அந்த வெள்ளைக்காரன் தலையில் விழும், அவளை யாரும் ஒரு சொல் கேட்கமாட்டார்கள். அந்தப் பொய் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றது. ஆனால் அங்கே செத்துக் கிடந்தது அவள் பூட்டிய வேலை அல்லவா? அவள் எழும்பிச் சேலையை இடுப்பில் செருகினாள்.

“போறியோ?” என்றான் பாலேந்திரா.

“போறன். என்ர வேலைக்கு நான் போகாமல் ஆர் போறது?”

சனத்தை விலக்கிக்கொண்டு போய், காஞ்சிபுரம் சேலையோடு வண்டிக்கு அடியில் புகுந்தாள். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. “எடியே பிள்ளை, உனக்கென்ன விசரே?” என்று சிவனேஸ்வரி கத்தினாள். அடியில் வசந்தமலர் வயரை விரலால் தடவித் தடவிப் போனாள். நசிவு இல்லை, சூடு இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. அவள் அங்கேயே படுத்தபடி சத்தமாகச் சிரித்தாள். வெளியே நின்றவர்கள் பயந்துபோனார்கள்.

வெளியே வந்து, எல்லாப் பிளக்கையும் கழற்றினாள். கேத்திலைத் தூக்கிச் சிவனேஸ்வரியின் கையில் கொடுத்தாள். “நாலு குக்கர்தான் இப்ப. அது அவிஞ்சாப் பிறகு மற்றது. தேத்தண்ணி கட்டடத்தில போடுங்கோ.” பிரேக்கரைத் தட்டிவிட்டாள். நாலு சிவப்பு விளக்குகள் எரிந்தன. காவலாளி நிம்மதியாக மீதி வடையைக் கடித்தார்.

அப்போதுதான் அம்பலவாணனைக் காணவில்லை என்று தவநாயகி கவனித்தாள். அவர் ஓட்டப் பாதையைக் குறுக்கே வெட்டி ஒலிபெருக்கி மேசைக்குப் போய்க்கொண்டிருந்தார். செபஸ்தியாம்பிள்ளை மாஸ்ரர் மைக்கை விட மறுத்திருக்கவேண்டும். கொஞ்ச நேரம் இழுபறிச் சத்தம் கேட்டது. பிறகு அம்பலவாணனின் பெரிய குரல் மைதானம் முழுக்க வந்தது.

“எல்லாரும் கேளுங்கோ. அந்த வெள்ளைக்காரன் எண்டு ஒருத்தனும் இல்லை. நான் சொன்னது பச்சைப் பொய். வண்டிக்குக் கரண்ட் வேலை முழுக்கச் செய்தது என்ர தம்பியின்ர மனுசி. வசந்தமலர். வசந்தமலர் பாலேந்திரா. திறந்தும் காட்டாத லாச்சிக்கு அளவு எடுத்துச் செய்தவ.” பிறகு இறங்கிய குரலில், “பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்” என்றார். அதையும் ஒலிபெருக்கி அப்படியே ஊருக்குச் சொன்னது.

முதலில் பாலேந்திரா கைதட்டத் தொடங்கினான், பிறகு தவநாயகி, பிறகு எல்லோரும். பட்டுச் சேலையில் புல்லும் எண்ணெயும் அப்பிக் கிடக்க, தன் பெயர் மைதானத்தின் அந்தக் கரைவரை போய் வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள் வசந்தமலர். இதைவிடச் சந்தோஷமாக அவள் இந்த நாட்டில் ஒருநாளும் நின்றதில்லை.

சோறு பரிமாறத் தொடங்கியபோது சிவனேஸ்வரி கேத்திலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெல்லப் பக்கத்தில் வந்தாள். இங்கும் பார்த்தாள், அங்கும் பார்த்தாள்.

“எங்கட குசினிக்கும் ரெண்டு பிளக் பொயின்ற் போடவேணும். அந்த வெள்ளைக்காரனைக் கூப்பிடுவமெண்டுதான் இருந்தனான்…”

“அவர் வரமாட்டார் அக்கா” என்றாள் வசந்தமலர். “நான் வாறன்.”